பெருக்கல் குறி மகாத்மியம்

உலகத்தில் பிரச்சனைகளைத் தீர்த்தவர்கள் உண்டு. தீர்க்கிறேன் என்று சொல்லித் தேர்தலில் நின்றவர்கள் உண்டு. பிரச்சனைகளுக்குப் பயந்து காவி கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், காப்பி ஆறுவதற்குள், பிரச்சனை என்ற ஒன்றே இல்லாமல் செய்த மகான் ஒருவர்தான். அவர் எங்கள் செங்கழுநீர் டெக்னாலஜீஸின் நிர்வாக இயக்குநர் திரு. சூர்யபிரகாஷ்.

அவருடைய சாதனையை ஆண்டு விழா மலருக்கு எழுதித் தரும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் குஞ்சிதபாதம், ஓய்வு பெற்ற துணை தாசில்தார். இந்த நிறுவனத்தில் எனக்கு 'நிர்வாக ஆலோசகர்' என்று பெயர். கணினியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் தயக்கமில்லாமல் ஆலோசனை சொல்ல முடிகிறது. அடங்கல், பசலி, ஜமாபந்தி என்று வருவாய்த்துறைக் கணக்குகளோடு காலம் தள்ளிய எனக்கு, வந்த மனுவை வராத மனுவாக ஆக்குவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். இரும்பு பீரோ வேண்டும், அதற்குச் சாவி வேண்டும், அந்தச் சாவியைத் தொலைக்கத் தெரிந்த உதவியாளர் வேண்டும். சூர்யபிரகாஷ் இத்தனையையும் திரையின் மூலையில் இருக்கும் ஒரு சின்னப் பெருக்கல் குறியைக் கொண்டு சாதித்தார்.

எங்கள் அலுவலகம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் கீழே கெட்டிமேளம் கொட்டினால், மேலே மீட்டிங்கில் எந்தத் தீர்மானம் பேசப்பட்டுக்கொண்டிருந்தாலும் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். சாம்பார் வாசனை வந்தால் மீட்டிங் ஒத்திவைக்கப்படும். இப்படி இயற்கையோடு இயைந்து நடக்கும் நிறுவனம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் தயாரிப்பின் பெயர் 'வடிகாலன்'. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலில் தண்ணீர் தேங்கினால் வடிகால் வாய்க்கால் தலைப்பில் உள்ள இரும்பு ஷட்டரைத் திறந்து வடிய விட வேண்டும். அதுவரை அதை ஓர் ஆள் போய்ச் சக்கரத்தைப் பிடித்துத் திருகித் திறந்துகொண்டிருந்தார். வடிகாலன் வந்தால் வயலில் உள்ள கருவி தண்ணீரை அளக்கும், மென்பொருள் முடிவெடுக்கும், மோட்டார் ஷட்டரைத் தூக்கும். விவசாயி வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம்.

முதல் வடிகாலனைக் கடைமடையில் கீழ்ச்செம்மங்குடி என்ற ஊரில் பொருத்தினோம். எங்கள் புரோகிராமர் மேகலாவின் ஊர் அது. அவருடைய தாயார் செந்தாமரை ஒரு காலத்தில் பிறத்தியார் வயலில் நடவு நட்டவர். இப்போது சொந்த வயலில் நடுகிறவர். பொருத்திய அன்று சூர்யபிரகாஷ் பழைய இரும்புச் சக்கரத்தைக் கழற்றிக் காரில் ஏற்றச் சொன்னார்.

"சக்கரம் பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டுமேங்க. சோறா கேக்குது?" என்றார் செந்தாமரை.

"அம்மா, மிஷின் வந்தப்புறம் சக்கரம் வெச்சிருந்தா மிஷினை நம்பலைன்னு அர்த்தம்."

"நம்பறோங்க. ஆனாலும் கரண்டு போற ஊருங்க இது."

"பேட்டரி இருக்கும்மா" என்றார் அவர். இருந்தது.

சக்கரம் சுவாமிமலைக்குப் போய் மெருகேறி வந்தது. பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தச் சாமி கையில இருக்கிற சக்கரம்ங்க இது?" என்று கேட்டாராம். அதன்பிறகு அது எங்கள் வரவேற்பறையில், வெல்வெட் துணி விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள், 'பாரம்பரியச் சின்னம்' என்ற பலகையோடு வீற்றிருந்தது. அந்த ஷட்டரைக் கையால் திறக்க வேறு வழி கிடையாது. அந்தத் திருகாணிக்கு அந்தச் சக்கரம்தான் பொருந்தும்.

இனி வரலாற்றுச் சம்பவத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை அன்று எல்லாக் கணினிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. அச்சுப்பொறிக்கு மாலை. இயக்குநரின் மனைவி பூர்ணிமா அம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தார். வடிகாலனின் புதிய நிரலை எழுதியவர் அவருடைய உடன்பிறந்த தம்பி ராம்கி. கும்பகோணத்தில் இருந்தபடியே ஆன்லைனில் படித்துப் புரோகிராமர் ஆனவர். சரஸ்வதி படத்துக்கு எதிரே தாம்பாளத்தில் கற்பூரம் எரிய, அந்த வெளிச்சத்தில் தம்பி எழுதிய நிரலைப் பெரிய திரையில் திறக்க வேண்டும் என்று அம்மாள் விரும்பினார். திறக்கும் பொறுப்பு மேகலாவிடம் தரப்பட்டது.

அவர் திறந்தார். நிரல் எழுதும் மென்பொருள் உடனே ஒரு பெட்டியை நடுத்திரையில் தள்ளியது. அதை ஆங்கிலத்திலிருந்து எல்லாருக்கும் புரியும்படி நானே உரக்க மொழிபெயர்த்தேன்: "இந்தக் கோப்புகளை எழுதியவரை நீங்கள் நம்புகிறீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஆம், நம்புகிறேன். இல்லை, நம்பவில்லை.

மேகலா 'இல்லை' என்பதை அழுத்தினார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் ஒன்று சொன்னால் அது பேச்சு இல்லை, சத்தியம். கோர்ட்டில் பிறழ்சாட்சி சொன்னவனும் கற்பூரத் தட்டைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்வான்.

"சரஸ்வதி பாத்துக்கிட்டிருக்கா! என் தம்பியை நம்பலைன்னு கற்பூரத்துக்கு முன்னாடி அமுத்திட்டாளே!" என்றார் பூர்ணிமா அம்மாள்.

"அம்மா, அது அவரைக் கேக்கலைம்மா. பென் டிரைவ்ல வந்த போல்டர். எதுவா இருந்தாலும் முதல்ல 'இல்லை' குடுத்துட்டு, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நம்பறது. என் சொந்த போல்டருக்கும் அப்படித்தான்" என்றார் மேகலா.

"பாத்தியா அக்கா? சோதிக்கணுமாம்!" என்றார் ராம்கி. பொரி கடலைகூட வாங்கிக்கொள்ளாமல் படியிறங்கிக் கும்பகோணம் பஸ் ஏறிவிட்டார்.

மச்சான் கோபித்துக்கொண்ட வீட்டில் அடுப்பு எரியும், சாப்பாடு வராது. இயக்குநர் மெலியத் தொடங்கினார். கடைசியில் பழத்தட்டு, வெற்றிலை பாக்கு, பட்டு வேட்டி சகிதம் நானே தூது போனேன். ராம்கி வேட்டியின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டார்: "இனிமே அந்த ஆபீஸ்ல எந்தக் கம்ப்யூட்டரும் என்னைப் பத்தி யாருகிட்டயும் எதையும் கேக்கக் கூடாது."

அன்றே 'திடீர்ப் பெட்டி ஒழிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர், செயலாளர் நான், தொழில்நுட்ப உறுப்பினர் மேகலா, பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி ராம்கி.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பெட்டிகளின் அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று, புதிய பதிப்பு வந்திருக்கிறது, மூடித் திறக்கட்டுமா என்று கேட்கும். பிறகு என்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி கேட்கும். ஒன்று, இன்றைய யோசனை என்று நாம் கேட்காத யோசனை சொல்லும். ஒன்று, எங்களை உங்கள் நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று கெஞ்சும். இன்னொன்று, ஓர் எழுத்து அடிப்பதற்குள் மீதியை நான் எழுதட்டுமா என்று முந்திக்கொண்டு வரும், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் தரகர் பேசுகிற மாதிரி.

மேகலா கையோடு வழி சொன்னார். "விளம்பரம், யோசனை எல்லாத்தையும் செட்டிங்ஸ்ல நிறுத்திடலாம் சார். அப்டேட் நாம கேட்டா மட்டும் வர்ற மாதிரி வெச்சிடலாம். ராம்கி அண்ணன் போல்டரை நம்பிக்கையானதுன்னு ஒரு தடவை சேத்துட்டா அப்புறம் கேக்கவே கேக்காது. ஆனா தப்பைக் காட்டுற வார்னிங் மட்டும் இருக்கட்டும்."

"அதென்ன கீழ ஒரு கட்டம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"பிராப்ளம்ஸ் பேனல் சார்."

"தமிழ்ல சொல்லுங்க."

"பிரச்சனைகள்."

"பிரச்சனைகள்னு போர்டு மாட்டியா இத்தனை நாளா ஆபீஸ் நடத்திக்கிட்டிருந்தோம்?" என்றார் அவர் தழுதழுத்த குரலில்.

வாஸ்து நிபுணர் நாகநாதன் வரவழைக்கப்பட்டார். அவர் திரையின் முன் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, "கீழ இடது மூலை கன்னி மூலைங்க. அங்க பாரம் இருக்கலாம், பிரச்சனை இருக்கக் கூடாது" என்றார். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. இயக்குநர் தம் ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினார். பிரச்சனைகள் மறைந்தன. நான் கைதட்டினேன்.

மேகலா மட்டும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கட்டம் பழையபடி மேலே எழும்பியது.

"சார், மறைக்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாத்துடுங்க. ராம்கி அண்ணன் நிரல்ல ஒரு வரிக்குக் கீழ மஞ்சள் கோடு போட்டிருக்கு. 'இந்த வரி ஒருபோதும் இயங்காது'ன்னு சொல்லுது. ஷட்டரைத் திறக்கற வரியே அதுதான்."

"ஏன் இயங்காதாம்?"

"தண்ணி முழங்காலுக்கு மேலயும், கணுக்காலுக்குக் கீழயும், ரெண்டும் ஒரே நேரத்துல இருந்தா ஷட்டரைத் திறன்னு எழுதியிருக்காரு. 'அல்லது'ன்னு வர வேண்டிய இடமும் இல்ல இது, கணக்கே தப்பு. மாத்தி எழுத அஞ்சு நிமிஷம் போதும் சார்."

"அத்தான், திரும்பவும் என்னை நம்பலைங்கறாங்க" என்றார் ராம்கி.

"தப்புன்னா சிவப்புக் கோடு வரும், இல்லையா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆமா சார். இது எச்சரிக்கை. அதான் மஞ்சள்."

"மஞ்சள்னா மங்களம். நல்லதுதானேம்மா சொல்லுது!"

அந்த நேரம் பார்த்துக் கீழே கெட்டிமேளம் கொட்டியது. தீர்மானம் நிறைவேறியது; நிரலும் ஒரு வரிகூட மாறாமல் கீழ்ச்செம்மங்குடி ஷட்டருக்குப் போனது. அன்று மாலையே என் கைப்பட ஒரு சுற்றறிக்கை வெளியானது: "பார்வை: திரு. ராம்கி அவர்களின் மனவருத்தம். இந்நிறுவனத்தின் எந்தத் திரையிலும் பிரச்சனைகள் தோன்றலாகாது. மேற்படி மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்." மேகலா வடிகாலன் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஊழியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வடிவமைக்கும் பிரிவுக்கு உயர்த்தப்பட்டார். அவருடைய மேசை சக்கரத்துக்குப் பக்கத்தில் போடப்பட்டது.

மகான்கள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. விவசாயிகள் குறை சொல்வதற்காக வடிகாலன் செயலியில் ஒரு கட்டம் இருந்தது. இயக்குநர் அதற்கும் பெருக்கல் குறி போட்டார். விவசாயி எழுதுவது போகும். வந்து சேர்ந்ததை யாரும் பார்க்க வேண்டியிராது. வரவேற்பறையில் ஒரு பெரிய திரை மாட்டப்பட்டு, அதில் 'பிரச்சனை ஏதுமில்லை' என்று பச்சை எழுத்தில் எந்நேரமும் ஒளிர்ந்தது. எங்கள் சாதனை காற்றில் பரவியது. 'டெல்டா தொழில் மணிகள் சங்கம்' என்ற அமைப்பு எங்களுக்குப் 'பிரச்சனையற்ற நிறுவனம்' என்ற விருதை வழங்க முன்வந்தது. அந்தச் சங்கத்தின் தலைவரும் சூர்யபிரகாஷ்தான் என்பதால் விண்ணப்பத்தில் தாமதம் ஏற்படவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள்; நின்று பெய்தது. வடவாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. விருது விழாவுக்கு முந்தின நாள் மேகலா இயக்குநரின் அறைக்கு வந்தார். நான் அங்கே வரவேற்புரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், எங்க ஊர்ல ஷட்டர் தொறக்கல. பயிர் நுனி மட்டும்தான் தெரியுதாம். அம்மா காலையிலேருந்து போன் மேல போன்."

"ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லையேம்மா."

"நாமதான் மறைச்சு வெச்சிருக்கோம் சார்."

"மறைச்சு வெச்சதுக்கப்புறமும் எப்படித் தெரியும்?"

"வயல்ல தெரியுது சார்!" அவர் குரல் உடைந்தது. "நாளைக்குள்ள வடியலைன்னா தூர் அழுகிடும். இந்த வருஷம்தான் அம்மா பக்கத்து வயலையும் குத்தகைக்குப் புடிச்சு நட்டிருக்கு. என்னை அந்த வரியை மாத்த விடுங்க. இல்ல, சக்கரத்தையாவது குடுங்க, பஸ்ல எடுத்துட்டுப் போறேன்."

"சக்கரம் இல்லாம விழாவா? குத்துவிளக்கே அது மேலதான்" என்றார் இயக்குநர். பிறகு கனிவோடு, "விழா முடியட்டும்மா, குழு கூடிப் பேசுவோம்" என்றார். பதியப்படாத மனு மனுவே அல்ல என்ற வருவாய்த்துறைத் தத்துவத்தை நானும் எடுத்துரைத்தேன். மேகலா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மூலையில் மூடும் வசதி ஏதும் இல்லை. இன்றுவரை திறந்தே இருக்கிறது.

மறுநாள் எங்கள் மாடிக் கூடத்தில் விழா. மேடையில் சக்கரம், அதன் மேல் குத்துவிளக்கு, பின்னால் பச்சை எழுத்துத் திரை. ராம்கி பட்டு வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். விருதை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது எப்படி என்று இயக்குநர் ஒத்திகை பார்த்திருந்தார். சரியாக அதை வாங்கப் போன நேரத்தில் வாசலில் ஈரக்கால்கள் தெரிந்தன. செந்தாமரை முன்னால், பின்னால் இன்னொரு விவசாயி ரெத்தினமும் ஊர்ச்சனமும். மழையில் குட்டி யானைச் சரக்கு வண்டியில் நின்றபடியே வந்திருக்கிறார்கள். சேறு முழங்கால்வரை இருந்தது.

"கல்யாணம் கீழேங்க. இது ஆபீஸ்" என்றேன் நான்.

"தெரியும் சார். ஷட்டருக்குச் சக்கரம் எடுக்க வந்தோம்" என்றார் செந்தாமரை.

ரெத்தினம் கையிலிருந்த பயிரைக் காட்டினார். வேர் கறுத்து, நாற்றமெடுத்திருந்தது. "செயலியில எழுதுனோம், போட்டோ அனுப்புனோம். பாத்தீங்களா பாக்கலியான்னே தெரியலையேங்க. கரையை வெட்டலாம்னா வாய்க்கால் தண்ணி பூராவும் தெருவுக்குள்ள வந்துடும்."

இயக்குநர் புன்னகையை மாற்றாமல் என் காதருகே குனிந்தார். மைக் இன்னும் அவர் கையில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"இதை எப்படிங்க மூடுறது?"

செந்தாமரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க தலைக்கு மேல பெருக்கல் குறி எதுவும் கெடையாது தம்பி. தேடாதீங்க."

சொல்லிவிட்டு மேடையேறினார். குத்துவிளக்கை அணைத்துவிடாமல் பதமாகத் தூக்கித் தரையில் வைத்தார். சக்கரத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அதே நேரம் மேகலா மேடைக் கணினியில் அந்த மூன்று விசைகளையும் அழுத்தினார். பச்சை எழுத்து விலகி, ஒழுங்கீனமான அந்தக் கட்டம் மேலே எழும்பியது. ராம்கியின் பெயர் போட்ட கோப்பு, மஞ்சள் கோடு, எதிரே 'இந்த வரி ஒருபோதும் இயங்காது'. அதன் கீழே விவசாயிகள் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக மேகலா திறந்தார். ஷட்டர் தொறக்கல. ஷட்டர் தொறக்கல சார். யாராவது இருக்கீங்களா?

"ஒருபோதும் இயங்காது" என்பதை நிறுவனத்தின் கொள்கை முழக்கம் என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

"அத்தான்!" என்று எழுந்து ராம்கி கோபித்துக்கொண்டு வெளியேறினார். இந்த முறை பழத்தட்டோடு யாரும் போகவில்லை. மேகலா பிறந்தநாள் வாழ்த்துப் பிரிவை ராஜினாமா செய்ததாகச் சொல்லாமலே தாயாரோடு வண்டியில் ஏறிவிட்டார்.

சக்கரம் பொருந்தியது. பேட்டரி, கருவி, மென்பொருள் எதையும் கேட்காமல் ஷட்டர் திறந்தது. மேட்டுப் பக்கத்துப் பயிர் பிழைத்ததாம். பள்ளத்துப் பயிர் அழுகிவிட்டது. செந்தாமரை குத்தகைக்குப் பிடித்த வயல் பள்ளத்தில் இருக்கிறது. அதையும் மலருக்காகப் பதிவு செய்கிறேன்.

இன்று காலை இயக்குநர் காலியான கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதன் கதவு திறந்தபடி கிடந்தது. "அதை மூடிடுங்க குஞ்சிதபாதம்" என்றார். மூடினேன்.

திரையை மூடினோம், கட்டத்தை மூடினோம், கதறலை மூடினோம், கடைசியாகக் காலிப் பெட்டியையும் மூடிவிட்டோம். மூடுவதில் எங்களை மிஞ்ச இந்தச் சீமையில் ஆளில்லை. அதற்கு அந்தச் சுற்றறிக்கையை எழுதிய இந்தக் கையே சாட்சி. எங்களிடம் திறக்கச் சொல்லித் தந்திருந்தது ஒரே ஒரு ஷட்டர்தான்.